ஆச்சிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சிமார்களே, என் அணித் தோழர்களே, சாரல் விழுந்தாலும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நகராமல் உட்கார்ந்திருக்கும் தென்காசிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"இளைஞர்களின் நலச் சுற்றுலா தேடலே! மோகமே!" என்று நமக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். யோகா முகாம், மௌன முகாம், எண்ணெய்ச் சிகிச்சை, மலைநடை என்று இருபது முப்பது வயதுப் பிள்ளைகள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்களே, அந்தப் பயணம் உள்ளே இருக்கும் ஒரு குறையைத் தீர்க்கவா, அடுத்தவர் போனதைப் பார்த்து வந்த ஆசையா என்பதுதான் வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அண்ணாச்சி மோகம்தான் என்று இருபது நிமிடம் முழங்கினார். பிள்ளைகள் படம் எடுத்துப் போடத்தான் போகிறார்கள் என்றார். சம்பாதித்த காசைக் கரைக்கிறார்கள் என்றார். கடைசியாக, "வீட்டில் ஆச்சி சும்மா செய்துவிட்டதை இவர்கள் வெளியூரில் போய் விலை கொடுத்து வாங்குகிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அண்ணாச்சி பேச்சில் ஒரு ராகம் உண்டு. வழக்கில் தோற்கப் போகிறவர் என்றாலும் ராகத்துக்குத் தட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஆச்சியை நான் விடப்போவதில்லை. அவளிடம் கடைசியில் வருகிறேன்.

முதலில், மோகம் என்கிறாரே, அதை எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார்? குற்றாலப் பேரருவி இங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று உள்ளே நுழைந்துவிட்டால், நம் ஊர் தங்கும் விடுதிகளில் இடம் கிடையாது. எதற்கு வந்தார்கள் அத்தனை பேரும், இத்தனை தலைமுறையாக? காட்டு மூலிகையைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீர் தலையில் விழுந்தால் உடம்பு வலி போகும், புத்தி தெளியும் என்று வந்தார்கள். மனம் பேதலித்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அருவியில் நிறுத்திய வழக்கம் நம் ஊரில் இருந்ததே, இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியாதா? அது மருத்துவமா என்றால் இல்லை. ஆனால் மனதுக்கும் தண்ணீருக்கும் ஏதோ ஒரு உறவு உண்டு என்று நம்பி ஊர்விட்டு ஊர் வந்தார்கள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் இங்கே வந்து தங்கினார்கள். அருவியில் குளித்தார்கள், நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள், கவிதை பேசினார்கள். அதை நாம் இலக்கியம் என்கிறோம். அதையே பெங்களூரிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்து செய்தால் மோகம் என்கிறோம்.

1819இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். பிறகு அங்கே வீடு கட்டினார். வெள்ளைக்காரர்கள் பின்னாலேயே ஏறினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். நம் மலையூர்கள் பிறந்ததே உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான். சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் 'சானடோரியம்' என்று ஒரு நிலையத்தைத் தினமும் கடக்கிறார்கள். காசநோய்க்காரர்கள் காற்று மாற்றிக்கொள்ள 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய இடம் அது. மருந்து எட்டாத நோய்க்கு இடத்தை மாற்று என்பது பழைய வைத்தியம். பேரன் கண்டுபிடித்தது அல்ல.

நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். பத்தமடை. பாய்க்குப் பெயர் போன ஊர். அந்த ஊரில் 1887இல் பிறந்த குப்புசாமி மருத்துவம் படித்தார், மலாயாவுக்குப் போனார், நல்ல வேலை, நல்ல வருமானம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கே ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தார். சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று அவரை நாம் கும்பிடுகிறோம். ஆனால் நடுவர் அவர்களே, அவர் வேலையை விட்ட வாரம் பத்தமடையில் சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "படித்த பிள்ளை, யாரோ ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டார்கள்" என்றுதானே? இன்றைக்கும் அதே ரிஷிகேசத்துக்குத்தான் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். என்ன, பத்தமடைப் பாய்க்குப் பதில் ரப்பர் பாய். அதற்கு வேண்டுமானால் நம் நெசவாளர்கள் சார்பில் நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

சரி, படம் எடுக்கத்தான் போகிறார்கள் என்றாரே.

மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கம் இகத்புரி என்று ஒரு மலையூர். அங்கே எஸ்.என். கோயங்கா 1976இல் தொடங்கிய விபாசனா தியான மையம் இருக்கிறது. அவர் பர்மாவில் பிறந்து வளர்ந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடிப் போனவர், தியானத்தில் போய் நின்றார். பத்து நாள் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புத்தகம் கூடாது, பேனா கூடாது. பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசக் கூடாது. கண்ணால் ஜாடை காட்டவும் கூடாது. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும். இரவுச் சாப்பாடு இல்லை. மாலையில் பழமும் தேநீரும்தான். கட்டணமும் இல்லை. முன்பு படித்துப் பயன் பெற்றவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. அண்ணாச்சி, படம் எடுத்துப் போடுவதற்கு ஒருவன் போகிற இடமா இது? எடுத்தால்கூட என்ன இருக்கும் அந்தப் படத்தில், மூடிய கண்ணைத் தவிர?

என் அக்கா மகன் அப்படி ஒரு பத்து நாள் வகுப்புக்குப் போய்வந்தான். மூன்றாம் நாள் மதில் ஏறிக் குதித்துவிடலாமா என்று இருந்ததாம். ஆறாம் நாள் அழுதானாம், தன் அப்பாவுக்காக. என் அத்தான் இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. "ஏண்டா, இறந்த அன்றைக்கு நீ அழவே இல்லையே" என்று கேட்டேன். "அன்றைக்குக் குளிர்பெட்டிக்குச் சொல்ல வேண்டியிருந்தது சித்தி. வருகிறவர்களுக்குச் சாப்பாடு, நாற்காலி, பந்தல், சான்றிதழ் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் வேலையில் சேர்ந்துவிட்டேன். அழ நேரம் கிடைக்கவில்லை" என்றான். அப்பாவுக்காக அழுவதற்கு ஒருவன் இடம் தேடிப் போகிறான் என்றால், அதற்கு நான் வேறு என்ன பெயர் வைக்கட்டும்?

படம் எடுப்பவர்களே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். இருக்கிறார்கள். நீச்சல் குளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்ப்பது போல முதுகைக் காட்டி ஒரு படம். நான் பார்த்திருக்கிறேன். என் மகளும் ஒன்று வைத்திருக்கிறாள். ஆனால் ஊட்டித் தாவரவியல் பூங்காவில் கண்ணாடி மாளிகை முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் முப்பது வருடமாக மாட்டி வைத்திருப்பது யார்? போன வாரம்தான் அண்ணாச்சி வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்.

அதே மாதிரி, இந்தத் தொழிலில் ஏமாற்று இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. உடம்பில் சேர்ந்த நச்சை மூன்று நாளில் கழுவி எடுக்கிறோம் என்று பச்சைச் சாறு விற்கிறார்கள். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையைக் கூலி கேட்காமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு விளம்பரம் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான். மாதத் தவணை போட்டு மௌனம் வாங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் தவணை அந்த மௌனத்தைக் கலைத்துவிடும். இதையெல்லாம் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் தலைமுறை மட்டும் என்ன யோக்கியம்? பஸ் நிலையத்தில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை காட்டுகிறேன் என்று கூட்டம் கூட்டி, கடைசிவரை சண்டையே விடாமல், போனவருக்கும் வந்தவருக்கும் லேகியம் விற்றவரிடம் கைநீட்டி வாங்கியது யார்? போலி வைத்தியன் இருக்கிறான் என்பதற்காக வயிற்று வலியே பொய் என்று ஆகிவிடுமா?

அண்ணாச்சி ஒரு புள்ளிவிவரமும் எடுத்துவிட்டார். 'குளோபல் வெல்னெஸ் இன்ஸ்டிட்யூட்' என்கிற உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் நலச் சுற்றுலாவில் உலகம் முழுக்கச் செலவான பணம் ஏறக்குறைய 72,000 கோடி டாலர் என்று சொல்லி, "பார்த்தீர்களா வியாபாரத்தை!" என்றார். சரியான எண்தான். ஆனால் அதே நிறுவனம் 2017ஆம் ஆண்டுக்குப் பிரித்துக் காட்டிய இன்னொரு கணக்கை அவர் படிக்காமல் விட்டுவிட்டார். பத்துப் பயணங்களில் ஏறக்குறைய ஒன்பது, வேறு காரியத்துக்காகப் போனவர்கள் போன இடத்தில் உடம்புக்கும் மனதுக்கும் ஏதாவது செய்துகொண்ட பயணங்கள். அதாவது, சங்கரன்கோவிலில் வளைகாப்புக்குப் போன குடும்பம், வேனை அப்படியே ஐந்தருவிக்குத் திருப்பிக் குளித்துவிட்டு, செங்கோட்டை பார்டர் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறதே, அந்த வகை. அந்த 72,000 கோடிக் கணக்கில் அண்ணாச்சியும் இருக்கிறார்!

மறு வருடமே, 2020இல், அந்தப் பணம் வெகுவாகச் சரிந்தது. கொரோனா. எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தோம். என் மகளும் மடிக்கணினியோடு தென்காசிக்கு வந்து சேர்ந்தாள். அந்த ஒன்றரை வருடம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் வீட்டில் ஒரு அலுவலகம் வந்து உட்கார்ந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் அலுவலகம், படுக்கையறையில் அலுவலகம். இரவு பதினோரு மணிக்கு அமெரிக்காவில் யாரோ வேலைக்கு உட்கார்ந்தால் என் வீட்டில் விளக்கு எரிந்தது. என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். மாலை சைக்கிளை உள்ளே எடுத்து வைத்தால் அலுவலகம் வாசலோடு நின்றுவிடும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் அதோடு சரி. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஆணி இல்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இப்படி வேலையில் எரிந்து தீர்ந்துபோவதைத் தன் பட்டியலில் சேர்த்தது. நோய் என்று சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்று சேர்த்தது. நோய் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மனம் தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டால் 14416 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. அங்கே பேச வேண்டியதை மலையில் போய் முனகிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் நோய் இல்லாத சோர்வுக்கு யாரிடம் போவது? மேலதிகாரியிடம் போகலாம் என்றால், 2023இல் பெரிய தொழிலதிபர் ஒருவர் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் இன்னொரு நிறுவனத் தலைவர் 90 என்றார், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஏலம் போய்க்கொண்டிருக்கிறது. இந்த ஏலத்தில் நிற்கிற பிள்ளை நான்கு நாள் எழுந்து ஓடினால், ஓடுகிறவனைப் பார்த்து மோகம் என்கிறோம்.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியை. பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை வந்தால், வாசலில் நின்று, "இந்த ஒரு வகுப்பை எனக்குக் கொடுங்கள், இலக்கணம் பாக்கி இருக்கிறது" என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கடன் வாங்குவேன். நான் வாங்காவிட்டால் கணக்கு சார் வாங்கிவிடுவார். அவர் கைக்குப் போனால் இடைவேளையும் சேர்ந்து போகும். அப்படிக் கடன் வாங்கிய ஒரு வகுப்பைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை. ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே வேற்றுமை உருபு ஒப்பித்த பிள்ளைகள்தான் இன்றைக்கு முப்பது வயதில் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சிக்கு அனுப்பினோம். கோடை விடுமுறையில் அடுத்த வகுப்புப் பாடத்தை நடத்தினோம். வீடு கட்டும்போது திண்ணையை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் விட்டோம். சும்மா உட்காருவதற்கு வீட்டில் ஒரு இடம், நாளில் ஒரு மணி நேரம், மிச்சம் வைத்தோமா? இப்போது அவர்கள் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளப் பணம் கட்டுகிறார்கள் என்று நாம் சிரிக்கிறோம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம் என்று ஏற்பாடு செய்தது. என் பழைய மாணவன் ஒருவன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து சொன்னான்: "டீச்சர், நீங்கள் எடுத்துக்கொண்ட விளையாட்டு வகுப்பை இப்போதுதான் மீட்டேன்."

இனி ஆச்சி.

அண்ணாச்சி சொன்ன அந்த இலவச ஆச்சி என் வீட்டிலும் இருந்தாள். பையன்களுக்குச் சனிக்கிழமை, எங்களுக்கு வெள்ளிக்கிழமை. புழக்கடையில் மணையைப் போட்டு உட்கார வைப்பாள். நல்லெண்ணெயில் நாலு மிளகும் சீரகமும் போட்டுப் பொரியவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் எடுத்து உச்சியில் வைத்துத் தட்டுவாள். அந்தத் தட்டு இப்போதும் என் தலைக்குள் கேட்கிறது. காது மடல், கழுத்து நரம்பு, விரல் இடுக்கு, ஒன்று விட மாட்டாள். சீயக்காய் கண்ணில் பட்டு நான் கத்தினால், "கத்து, கத்து, கண்ணு குளிரும்" என்பாள். சாம்பிராணிப் புகையில் தலை காயும். மதியம் மிளகு ரசமும் பருப்புத் துவையலும். பகலில் கண் அசந்தால் எழுப்பிவிட்டுவிடுவாள். ஏழு நட்சத்திர விடுதிக்காரன் அவளிடம் வந்து பாடம் படிக்க வேண்டும். அதில் எனக்கும் அண்ணாச்சிக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

வீட்டில் பதினோரு பேர். விறகு பொறுக்கி வெந்நீர் போட்டது யார்? சீயக்காயை வெயிலில் காயவைத்து இடித்தது யார்? எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய துணியை அடித்துத் துவைத்தது யார்? என் அம்மா, பெரியம்மா, ஆச்சி. அந்த மூன்று பேருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டது யார்? அறுபது வயதைத் தாண்டி, போன வருடம்தான் இந்தக் கேள்வி எனக்கே தோன்றியது. எல்லோரும் குளித்து முடித்த பிறகு, அடுப்படி ஓரமாக உட்கார்ந்து ஆச்சி தானே தேய்த்துக்கொள்வாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்த எண்ணெய். முதுகுக்குக் கை எட்டாது. எட்டின வரைக்கும்தான்.

நம் வழக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொருவர் கை எண்ணெய் தேய்த்துவிட்டது என்றால், அவள் குழந்தையாக இருக்க வேண்டும், அல்லது பெரியவள் ஆகியிருக்க வேண்டும், அல்லது பிள்ளை பெற்றிருக்க வேண்டும். தீபாவளிக்கு உச்சியில் ஒரு சொட்டு வைப்பார்கள், அது கணக்கில் வராது. குற்றாலத்திலேயே பாருங்கள். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கிண்ணத்தோடு நின்றார்கள். கல்லில் குப்புறப் படுத்து முதுகைக் கொடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம்? அவர்கள் கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரத்தையும் சட்டையையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றோம். ஆச்சிக்கு ஊர் தாண்டிப் போக ஒரே ஒரு வாய்ப்பு வந்தது. ராமேசுவரம். பேரன் பேத்தி எடுத்து, கடமை எல்லாம் முடித்து, முட்டி தேய்ந்த பிறகு. 22 தீர்த்தமும் ஆடிவிட்டுத் திரும்பி வந்து ஒரு வாரம் படுத்துக் கிடந்தாள்.

ஆச்சி சும்மா செய்துவிட்டாள், சும்மா செய்துவிட்டாள் என்கிறீர்களே அண்ணாச்சி, அவளுக்கு அது சும்மாவா?

போன ஆடியில் என் மகள் கூப்பிட்டாள். இருபத்தொன்பது வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. "ஏழு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன் அம்மா. எண்ணெய்ச் சிகிச்சைக்குப் போகிறேன். நீயும் வா" என்றாள். ஆடியில் கேரளத்தில் கர்க்கடகச் சிகிச்சை நடக்கும். மழையில் குளிர்ந்த உடம்பு மருந்தை நன்றாக ஏற்கும் என்பது அவர்கள் வைத்திய முறை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அண்ணாச்சி இன்றைக்குச் சொன்ன வசனம் முழுவதையும் நான் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டேன், ராகம்தான் இல்லை. அவள் டிக்கெட்டை அனுப்பிவிட்டாள். செங்கோட்டை தாண்டி, பதிமூன்று கண் பாலம் தாண்டி, கொல்லம் ரயிலில் போனோம். ஏழு நாளுக்கு ஆன தொகையை இங்கே சொல்ல மாட்டேன். என் கணவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மயங்கி விழுந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

பிழிச்சில் என்று ஒரு முறை. வெதுவெதுப்பான எண்ணெயில் துணியை நனைத்து, உடம்பு முழுக்கப் பிழிந்து பிழிந்து விடுவார்கள். எனக்குச் செய்துவிட்ட அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான் கூச்சத்தில் விறைத்துக்கொண்டு படுத்திருந்தேன். "கையைத் தளர்த்துங்கள் டீச்சர்" என்றார். தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன் என்றேன். "இல்லை. நான் பிடிப்பதற்குள் நீங்களே தூக்கிக் கொடுக்கிறீர்கள்" என்றார். உண்மைதான். அடுத்த கையையும் தூக்கிக் கொடுத்தேன். காலைத் தூக்கிக் கொடுத்தேன். ஒருவர் எனக்கு வேலை செய்யும்போது சும்மா கிடக்க என் உடம்புக்குத் தெரியவில்லை. "கடைசியாக உங்களுக்கு யார் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள்?" என்று கேட்டார். பேச்சுக்குத்தான் கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் பிறந்தபோது, என் அம்மா. அதற்குப் பிறகு யாரும் இல்லை. இருபத்தொன்பது வருடம்.

நான்காம் நாள் என் கை தானாகக் கிடந்தது.

அந்த அம்மாவிடம் நானும் கேட்டேன், உங்களுக்கு யார் தேய்த்துவிடுவார்கள் என்று. சிரித்தார். "மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது டீச்சர்" என்றார். அந்தச் சிரிப்புக்கு எதிரணி வேண்டுமானால் ஒரு மதிப்பெண் எடுத்துக்கொள்ளட்டும். ஆச்சிக்குச் சம்பளமும் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் மகளைக் கேட்டேன். இத்தனை சின்ன வயதில் உனக்கு எதற்கு இதெல்லாம், முட்டி வலியா, இடுப்பு வலியா? "முட்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை படுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன் அம்மா" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னால்" என்று ஒரு சொல்லையும் சேர்த்தாள். அவள் என்னைப் பார்த்து வளர்ந்தவள். நான் என் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். அவர்கள் ஆச்சியைப் பார்த்தார்கள். இந்த வரிசையில் இருபத்தொன்பது வயதில் படுத்தவள் இவள் ஒருத்திதான்.

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன். ஒரே ஒரு சாட்சி பாக்கி இருக்கிறது. மேடை ஏறுவதற்கு முன்னால், பின்பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மோகம் என்று முழங்கிய இதே அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்கள் மதினிக்கு முழங்கால் வலி தாங்கவில்லை. நீங்கள் போனீர்களே, அந்த இடத்தின் தொலைபேசி எண் கிடைக்குமா?" என்று கேட்டார். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கிவிட்டு, "இரண்டு பேர் போனால் தொகையில் ஏதாவது குறைப்பார்களா?" என்றார். சீட்டு அவருடைய சட்டைப் பையில், இடது பக்கம், இப்போதும் இருக்கிறது. நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும் முன் அதை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.